கணக்கில் வராதவர்கள்



நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடித்தேடி முடிவார்கள். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று விட்டுப்போனாலும் சேலையில் கோடு விழும். "ஒத்த இழைதானேப்பா" என்று சொல்லி அப்பாவிடம் வாங்கிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

2009 தொடக்கத்தில் அதே அப்பா, இரவில் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து பி.பி.சி. தமிழோசைக்காகக் காத்திருப்பார். இலங்கைப் போரின் நடுவே வன்னியில் சிக்கியிருப்பவர்கள் எத்தனை பேர்? ஏறக்குறைய 70,000 என்றது கொழும்பு. அங்கேயே இருந்து பணியாற்றிய அரசு அலுவலர்களோ 3 லட்சத்துக்கு மேல் என்றார்கள். அரிசியும் மருந்தும் கொழும்பின் கணக்குக்குத்தான் போயின. போர் முடிந்தபோது மெனிக் முதலிய முகாம்களின் கம்பிவேலிக்குள் அடைபட்டவர்களே இரண்டரை லட்சத்தைத் தாண்டினார்கள். அப்படியானால் அந்த மாதங்களில் ஒரு வாய்க் கஞ்சியை எத்தனை பேர் பங்கிட்டிருப்பார்கள்!

வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும், சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என் கணக்கும் குறைக்கணக்குதான்.

ராஜதந்திரத்துக்குக் குறைவில்லை. 2002 பிப்ரவரியில் நார்வே முன்னின்று போர்நிறுத்தம் செய்துவைத்தது. தாய்லாந்தில் பேசினார்கள், ஆஸ்லோவில் பேசினார்கள். ஆனால் மீண்டும் போர் மூண்டு, 2008 செப்டம்பரில் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். வண்டிகள் போய்விட்டன. அங்கே தாங்கள் தவறிவிட்டதை ஐ.நா.வின் உள்ளக ஆய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன செஞ்சிலுவைச் சங்கத்தாரை மட்டும் நான் கைகூப்பி நினைக்கிறேன்.

என் நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987 ஜூனில் யாழ்ப்பாணத்து மக்களுக்கு விமானத்திலிருந்து உணவு போட்ட இந்தியா, 2009 மே மாதம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்குக் கை தூக்கியது. 2012இல் மாற்றி வாக்களித்தது. இடைப்பட்ட மூன்று வருடம் எங்கள் வீட்டில் அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இலங்கை அகதிகள் 50,000 பேருக்கு மேல் இன்னும் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, குடியுரிமை இல்லாமல் வேலைக்கு அலையும் பிள்ளைகள் அவர்களில் உண்டு. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20இல் பந்தலில் உட்கார்ந்தார்கள். மகனின் படத்தை மடியில் வைத்தபடியே காத்திருந்து, பதில் கிடைக்காமல் கண்மூடியவர்கள் பலர். ஒவ்வொரு தாயோடும் ஒரு சாட்சியம் போய்விடுகிறது.

இந்த மண்டபத்தில் யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் இருக்கிறீர்கள். சட்டம் படித்தவர்கள், நாலு மொழி எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். இந்தக் கூட்டத்தை நடத்தும் சங்கத்தாரிடம் கேட்டு வாசலருகே ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன். அதன்மேல் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கும். காணாமல் போனவரின் பெயர், ஊர், கடைசியாகப் பார்த்த இடம், நாள். சாப்பிடப் போகுமுன் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அங்கே கூட்டிவந்து உட்காரவையுங்கள். அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். நான் அங்கேதான் இருப்பேன்.