எண்ணெயும் பொடியும்: பொட்டலத்தைப் படித்து வாங்குவோம்

(டிரஸ்ட் சார்பில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேசும் இந்த மேடையில் தலைமுடியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற பெருநாளுக்கு முந்தைய நாள், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்து, அதன் மேல் கடையில் வாங்கிய கருப்பு மருதாணிப் பொடியைக் குழைத்துப் பூசிக்கொண்டாள். மறுநாள் காலை முகம் வீங்கி, இரண்டு கண்களும் திறக்க முடியாமல் போயின. பெருநாள் தொழுகை நேரத்தில் அவளுடைய வாப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அல்லாஹ்வின் கிருபையால் குணமாகிவிட்டது. செலவில் ஒரு பங்கை நமது மருத்துவ நிதியிலிருந்து கொடுத்தோம். அந்தத் தாய் எங்களிடம் சொன்னது ஒரே வார்த்தை: "மூலிகைதானே பாய், என்ன செய்துவிடும்னு நெனச்சோம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பேச்சு.

முடியைப் பேணுவது நமக்குப் புதிதல்ல. முடி உள்ளவர் அதைக் கண்ணியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நரையை மாற்ற மருதாணியையும் கதம் என்னும் செடியையும் அவர்கள் சிறப்பித்துச் சொன்னார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் இவ்விரண்டையும் சேர்த்துப் பூசினார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஆக, செடிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது நம் பழக்கத்தில் உள்ளதுதான். எதை எதோடு, எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கி, அலசும்போது முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. தலைக்குக் குளிக்க ஒரு மணி நேரத்துக்கு முன் கொஞ்சமாகத் தடவினால் போதும். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்க எண்ணெயோடு படுக்க வேண்டாம். பொடுகை உண்டாக்கும் கிருமி எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது.

அடுத்து பொடி. சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு மூன்றும் தண்ணீர் பட்டால் நுரைத்து அழுக்கை எடுப்பவை. வெந்தயமும் செம்பருத்தி இலையும் வழவழப்பைக் கொடுத்து முடியை மென்மையாக்குபவை. அழுக்கு எடுப்பதோடு மென்மையாக்குவதைச் சேர்ப்பது நம் பாட்டிமார்களின் கணக்கு. அது சரியான கணக்கு. ஆனால் பொடியை நன்றாகச் சலித்து, வெந்நீரில் குழைத்துப் பூசுங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. சிறு பிள்ளைகளுக்குத் தேய்க்கும்போது கவனம். எண்ணெயை அளவுக்கு மீறி வைத்துவிட்டு, அது போகவேண்டும் என்று பொடியை அழுத்தி அழுத்தித் தேய்த்தால் முடிதான் அறுந்து போகும்.

மருதாணிக்கு வரிசை வேறு. எண்ணெய்ப் பசை இருந்தால் நிறம் சரியாகப் பிடிக்காது. தலையை அலசிக் காயவைத்த பிறகு மருதாணி, எண்ணெய் மறுநாள். மருதாணியின் நிறம் ஒளுவுக்கும் குளிப்புக்கும் தடையல்ல. காய்ந்து ஒட்டியிருக்கும் விழுது தண்ணீரைத் தடுக்கும். ஆகவே அதைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். ஈர முடியை அப்படியே முடிந்து முக்காடு போடாமல், உலர்த்திக் கட்டுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சுத்தமான மருதாணிப் பொடி பச்சையாக இருக்கும். செம்பழுப்பு நிறம்தான் கொடுக்கும். அதற்கும் சில மணி நேரம் ஆகும். ராஜஸ்தானின் சோஜத் பக்கத்திலிருந்து நம் கடைத்தெருவுக்கு வரும் பொடியும் அப்படித்தான். மருதாணி என்று பெயர் போட்டு, அரை மணியில் கன்னங்கரேல் என்று ஆக்கினால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா ஃபினைலீன் டையமின் என்ற ரசாயனம். அந்தப் பிள்ளையின் முகத்தை வீங்க வைத்ததும் அதுதான் என்றார் டாக்டர். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அது ஆயுளுக்கும் இருக்கும். அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். இது சேர்ந்த சாயங்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். எழுத்தே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். எந்தப் புதுப் பொடியையும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் பூசுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முடியைக் கருப்பாக்குவது பற்றிய மார்க்கச் சட்டத்தை ஹஸ்ரத்மார்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் இங்கே பேசுவது உடல்நலம். நிறம் அடர்த்தியாக வேண்டும் என்றால் இரும்புச் சட்டியில் நெல்லிக்காய்ப் பொடியை இரவு ஊறவைத்து, மருதாணியோடு சேர்க்கும் பழைய முறை இருக்கிறது.

தாய்மார்களுக்கு இன்னும் ஒன்று. அழகுக்காகவோ வேறு எதற்காகவோ கைக்குழந்தைக்கு மருதாணி பூசாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகள் உண்டு; ஆண் குழந்தைகளில் இது அதிகம். வெளியே பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தைக்குச் சுத்தமான மருதாணியே ரத்த அணுக்களை உடைத்துவிடலாம். பூசிய பின் உடல் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, குழந்தை சோர்ந்தாலோ தாமதிக்காதீர்கள். மருதாணி பூசியதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சகோதரிகளே, மூலிகை அல்லாஹ்வின் அருட்கொடை. அந்தப் பெயரை ஒட்டி விற்பதெல்லாம் மூலிகை ஆகிவிடாது. நம் வீட்டு அம்மியிலும் மிக்ஸியிலும் நாமே அரைத்தது எது என்று நமக்குத் தெரியும். பொட்டலத்தில் இருப்பதைப் படித்தால்தான் தெரியும். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். அவர்கள் படித்த படிப்பு முதலில் அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க உதவட்டும்.

வரும் பெருநாள் காலையில் நம் பிள்ளைகள் எல்லோரும் ஆரோக்கியத்தோடு தொழுகைக்குக் கிளம்ப அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.