இருபத்தாறு விநாடி

(தாம்பரத்தில் மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். நான் ஒரு கணக்கு கொண்டுவந்திருக்கிறேன். வங்கிக் குமாஸ்தா, கோவிச்சுக்காதீங்க.

போன வருசம் என் கவுண்டருக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. கையில் அம்மாவின் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். தெருக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் எடுக்க மாசாமாசம் வருவாங்க. ரோட்டைத் தாண்டும்போது வேன் அடிச்சிடுச்சு. அங்கே வரிக்குதிரைக் கோடு இருந்தது. தேய்ந்துபோய், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி. எச்சரிக்கைப் பலகையும் இருந்தது. யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் பிளக்ஸ் தட்டிக்குப் பின்னால்.

வருசத்துக்கு 20 ரூபாய் பிடித்து, விபத்தில் இறந்தால் 2 லட்சம் தரும் காப்பீட்டில் அவர் சேர்ந்திருந்தார். பணம் பிடிக்கிற நாளில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லை. காப்பீடு அறுந்துவிட்டது. இதைச் சொல்ல வேண்டிய நாற்காலியில் நான் இருந்தேன். சொன்னேன். "எங்கம்மா கோட்டு மேலதான சார் நடந்தாங்க" என்றது அந்தப் பொண்ணு. அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஒரு உயிரின் கதை இல்லை இது. ஒன்றிய அரசின் புள்ளிவிவரப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்துபோனவர்கள் 32,825 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கூட்டுகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்: இவர்கள்தான் நடக்கிறார்கள்.

இப்போது கணக்கு. ஒரு தடம் 3.5 மீட்டர். ஆறு தடம் என்றால் 21 மீட்டர். மனுசன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துச் சிக்னல் நேரம் போட்டால் 17.5 விநாடி. முட்டிவலிக்காரி 0.8 மீட்டர்தான் நடப்பாள். அவளுக்கு 26 விநாடி வேண்டும். பச்சை அணையும்போது அவள் முன்னால் இன்னும் 7 மீட்டர், இரண்டு முழுத் தடம் கிடக்கிறது. நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தால், ஒரு தடவைக்கு 13 விநாடி போதும். யாருடைய காலை அளந்து சாலை போடுகிறார்கள் என்பதுதான் அரசியல்.

நடைமேம்பாலம் கட்டலாமே என்பார்கள். வண்டி நிற்கக்கூடாது, அதற்காகக் கிழவி ஏறி இறங்கணும், அப்படித்தானே?

நாம் கேட்பது பெரிசு ஒன்றுமில்லை. இரவில் ஒளிரும் பெயின்டால் கோடு. கோட்டுக்குச் சற்று முன்னால் வண்டிகள் நிற்க ஒரு கோடு. தூரத்திலேயே தெரியும்படி, மறைப்பில்லாத சிவப்பு முக்கோணப் பலகை. நடக்கிற ஆள் படம் போட்டது, படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். கடக்கிற இடத்தில் விளக்கு. நடுத்திட்டு. பள்ளி வாசல்களில் மேடாக்கிய கடவை. வேகம் குறையணும். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதுவதைவிட 65இல் மோதினால் நடப்பவர் சாகிற அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செத்தால் 'விதி' என்கிறார்கள். விதி இருக்கத்தான் செய்கிறது. சிக்னல் இல்லாத கடவையில் வேகம் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறை. ஓட்டுநர் உரிமம் வாங்கிய எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெருவில் நடப்பது நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. பொதுச்சாலையில் நம் மக்கள் நடப்பதை யாரும் தடுக்கக்கூடாது என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவும் கிணறு, குளத்தோடு சேர்த்துச் சாலையையும் பேர்சொல்லி எழுதியது. நடக்க உரிமை வந்தது. நடந்து உயிரோடு போய்ச்சேருவதும் அந்த உரிமைக்குள்தான் வருகிறது.

2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. பேர் பெரிசாச்சு. கடவைகளைப் பார்ப்போம். வாரக் கடைசியில் இரண்டிரண்டு பேராக நில்லுங்கள். வாட்ச்சில் விநாடி எண்ணுங்கள். தேய்ந்த கோட்டையும் மறைந்த பலகையையும் இடம்போட்டுக் குறியுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். மனு எழுத நான் வருகிறேன். குமாஸ்தாவுக்கு அது தெரியும்.

அந்தப் பொண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.