மித்தி பிறக்கும் காடு

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியமர்ந்த நம்மவரில் பலர், இந்நகரைக் கடலும் மின்ரயிலும் நெரிசலும் கொண்ட ஓர் ஊராகவே அறிந்திருக்கிறோம். மலையையும் வனத்தையும் காண விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகவேண்டும் என்று எண்ணுகிறோம். ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய தொலைவில் பெருங்காடு ஒன்று இருப்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்வது அரிது.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது அதன் பெயர். பூங்கா என்றவுடன் மலர்ப் பாத்திகளையும் ஊஞ்சல்களையும் நினைத்துவிடலாகாது. மும்பைக்கும் தாணேவுக்கும் இடையே ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள இவ்வனத்தில் சிறுத்தையும் புள்ளிமானும் கடமானும் வாழ்கின்றன. முன்னாளில் இதற்குக் கிருஷ்ணகிரி என்ற பெயரும் வழங்கிற்று. கருமலை என்பது அதன் பொருள். நம் கிருஷ்ணகிரியை அறிந்தவர்களுக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

காட்டின் நடுவே கான்ஹேரிக் குகைகள் உள்ளன. பௌத்தத் துறவிகள் கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் கரும்பாறையில் குடைந்தனர். சிற்பங்களைக் கண்டு வியப்பவர்கள் ஒன்றைக் கவனியாது வந்துவிடுகிறார்கள். பல குகைகளின் வாயிலருகே பாறையில் வெட்டிய நீர்த்தொட்டி ஒன்று காணப்படும். மழைநீரை அதற்குக் கொணரும் கால்வாய்களும் உண்டு. நான்கு மாத மழையைக் கொண்டு எட்டு மாத வறட்சியைக் கடக்கும் கலையை அத்துறவிகள் அறிந்திருந்தனர்.

பிற்காலத்து நகரமும் இம்மலையிடமே தண்ணீருக்குக் கையேந்திற்று. கிணறுகளும் குளங்களும் போதாமற்போகவே விஹார் ஏரி 1860-இல் அமைக்கப்பட்டது. அதையடுத்து 1879-இல் துளசி ஏரி முடிவுற்றது. இன்று தொலைதூர நீர்த்தேக்கங்களே மும்பைக்குப் பெரும்பங்கு நீரை அளிக்கின்றன. ஆயினும் இவ்விரு ஏரிகளும் தம் பணியை விட்டுவிடவில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரே மித்தி ஆறாகப் பிறக்கிறது. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவையும் தாராவியின் விளிம்பையும் கடந்து, மாஹிம் கழியில் அது கலக்கிறது. தாராவியில் நாம் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நீர், மலையடியில் தெளிந்த ஓடையாகப் புறப்பட்டதாகும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்தது. இதற்குக் குடிசைவாசிகளை மட்டும் பழிப்பது நீதியன்று. விமான நிலையமும் கழிநிலத்தைத் தூர்த்து எழுந்த வணிக வளாகமும் ஆற்றின் வழியைக் குறுக்கியவையே. மேலே காடு குறைந்து, கீழே ஆறு குறுகினால், வெள்ளம் முதலில் தேடி வருவது தாழ்ந்த இடத்தில் வாழ்பவரையே. ஆதலின் அக்காடு வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு இடம் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது.

கெட்ட நிலம் திருந்தாது என்று சோர்வுறவும் வேண்டியதில்லை. தாராவிக்கு எதிரே மித்திக் கரையிலுள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் நகரின் குப்பைமேடு. மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு 1994-இல் பூங்காவாகத் திறக்கப்பெற்ற அவ்விடத்தில் இன்று பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் குடியிருக்கின்றன.

பெருவனத்துக்குப் போவது எளிது. மாதுங்கா ரோடு அல்லது மாஹிம் நிலையத்தில் வண்டியேறிப் போரிவலியில் இறங்கலாம். செம்பூர் நேயர்கள் குர்லா, தாதர் வழியாக வரலாம். திங்கட்கிழமை விடுமுறை. மழை ஓய்ந்த பருவம் மிகச் சிறந்தது. மலைச்சரிவெங்கும் கார்வி என்ற புதர்ச்செடி மண்டியிருக்கும். எட்டாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாய்ப் பூக்கும் இச்செடி, பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நம் நீலக்குறிஞ்சியின் உறவினம். அது 2016-இலும் 2024-இலும் மலர்ந்தது. இன்று கைக்குழந்தையாக இருப்பவர்கள் 2032-இல் அதைக் காணலாம்.

காட்டுக்குள் நாம் விருந்தினர். அங்கேயே தலைமுறைகளாக வாழும் வார்லி மக்கள் சிறுத்தையை வாகோபா என்ற தெய்வமாக வணங்கி, அதன் வழியில் குறுக்கிடாது வாழ்ந்து வருகின்றனர். நாமோ கட்டுச்சோற்றின் மிச்சத்தை எறிந்துவிட்டு வருகிறோம். எச்சில் நாய்களை ஈர்க்கும். நாய்களைத் தேடிச் சிறுத்தை குடியிருப்பை நெருங்கும். ஆகவே கொண்டுசென்ற உறையையும் புட்டியையும் திரும்பக் கொணர்வதும், குரங்குக்குத் தீனி போடாதிருப்பதும், பொழுது சாயுமுன் வெளியேறுவதும் நம் கடமை.

நேயர்களே, பிறந்த ஊரின் ஆற்றைப் பற்றிப் பிள்ளைகளிடம் பெருமையோடு பேசுகிறோம், அது நன்று. அவர்கள் வளரும் ஊரிலும் ஓர் ஆறு உண்டு, அதற்கு ஒரு தாய்க்காடு உண்டு என்பதையும் அவர்கள் அறியட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை விஹார் மலைப்பக்கம் அழைத்துச் சென்று காட்டுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறிந்த பிள்ளை அதில் குப்பையைக் கொட்டத் தயங்கும்.