அத்தை தொடங்கிய போர்வை

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற அன்னையர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். கைவேலைக் கண்காட்சியில் நீள மேசைமேல் விரித்திருக்கிறதே, அந்த ஒட்டுப் போர்வையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும் என்று சுவாமி கேட்டுக்கொண்டார். மூன்று நாளாக அதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். “நடுவிலே கோடு போட்டதுபோல் நிறம் மாறுகிறதே, துணி போதவில்லையா?” என்றீர்கள். துணி போதும். நிறம் மாறிய காரணத்தைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

இதைத் தொடங்கியவர் என் மாமியார். அவர் குமரி மாவட்டத்துப் பெண். அந்தப் பக்கத்து முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்டர் வந்து சேர்ந்தார். அவர் தொடங்கிய சபை பின்னாளில் பல நாடுகளுக்கும் பரவியது. அப்படிப்பட்ட கன்னியர் மடங்களில், எழுத்தோடு ஊசியையும் பெண்பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். என் அத்தையும் ஒரு மடத்துப் பள்ளியில் தையல் படித்தவர்தான். கலியாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது அவர் தகரப்பெட்டியில் சேலைகளைவிட நூற்கண்டுகள் அதிகம் இருந்தன என்று மாமா கேலி செய்வார்.

மாமா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் கொடைக்கானல் மலைப்பாதையில், செண்பகனூருக்குக் கீழே, நாலு பேரிமரமும் இரண்டு அறையுமாக ஒரு சிறு வீடு வாங்கினார். பங்களா என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஓடு உடைந்து ஒழுகியதால் 1978இல் தகரக்கூரை போட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் குடும்பத்தோடு போய்த் தங்கினோம். தகரத்தின் கீழே மலைக்குளிர் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. என் மூத்த மகன் அப்போது ஆறு மாதக் குழந்தை. இருந்த சேலை, துண்டு, மாமாவின் சால்வை எல்லாவற்றையும் அவன்மேல் போட்டுவிட்டு, விடிய விடிய அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். காலையில் அத்தை சொன்னார்: “இந்த வீட்டுக்குன்னு ஒரு போர்வை வேணும் மக்ளே. நானே தைக்கிறேன்.”

மடத்தில் படித்த முறை அவருக்கு மறக்கவில்லை. ஆறுபக்கத் துண்டுகள், தேனடைபோல. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம். கெட்டித் தாளை முதலில் அந்த அளவுக்கு வெட்டவேண்டும். துணியை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, தாளின்மேல் மடித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்ளவேண்டும். பிறகு இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து ஓரத்தை நெருக்கமாகத் தைத்தால் இணைப்பு கத்தி வைத்ததுபோல் நேராக வரும். சுற்றிலும் ஆறு துண்டு சேர்ந்தபின் நடுத்தாளை உருவிவிடலாம். ஆனால் அத்தை உருவமாட்டார். முழுதும் முடிகிறவரை தாள் உள்ளே இருந்தால்தான் துணி சோர்ந்துபோகாது என்பது அவர் கட்சி. இந்தத் தாள் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆறடி அகலம், ஏழரையடி நீளம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 1,100 துண்டுகள், அவற்றைச் சேர்க்க 3,300 இணைப்புகள். ஓர் இணைப்புக்குப் பதினைந்து தையல் என்றாலும் 50,000 முறை ஊசி ஏறி இறங்கவேண்டும். இது வெறும் மேல்துணிக்கு மட்டும். துணியோ கடையில் வாங்கியதல்ல. கிழிந்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகள், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, என் புதுநன்மைச் சட்டையின் ஓரம், மாமாவின் கோடுபோட்ட சட்டை. மடியில் வைத்துத் தைக்கப் பெரிதாக இருக்கிறது என்று, மூன்றடி அகலத்தில் இரண்டு பாதிகளாகவே தைத்து வந்தார். மாலை ஜெபமாலை முடிந்ததும் உட்காருவார். கண்புரை வந்தபின் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை, இல்லாவிட்டால் மூத்த அக்காவின் வேலை. அக்கா என்றால் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி.

அத்தை 1998இல் காலமானார். இரண்டு பாதிகளும் ஏறக்குறைய முடிந்திருந்தன. ஒன்றோடொன்று சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி வருவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அக்காவையும் என் வீட்டுக்காரரையும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே சொல்கிறேன். முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று மாலையே மலைவீட்டுப் பேச்சு எழுந்தது. கூரை போட்டதும், காவலுக்கு ஆள் வைத்ததும், வரி கட்டியதும் நான்தான்; பம்பாயில் சம்பாதித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு காசு தரவில்லை என்று இவர் சொன்னார். நான் அப்பாவுக்கு அனுப்பினேன் என்று மூத்தார் சொன்னார். அத்தாட்சி எங்கே என்று இவர் கேட்டார். “பெற்ற தகப்பனுக்குக் கொடுத்ததற்கு ரசீது வைத்துக்கொள்வேனா?” என்று மூத்தார் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு பேச்சு இல்லை. அத்தையின் நினைவாக இருக்கட்டும் என்று போர்வையில் ஒரு பாதியை அக்கா எடுத்துப் போனார், மறுபாதி என்னிடம் தங்கியது. மலைவீட்டின் கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. அதன் ஒரே சாவி எங்கள் அலமாரியில். ஒரே பங்கில் இருந்துகொண்டு, அவர்கள் முதல் பூசைக்கும் நாங்கள் இரண்டாம் பூசைக்குமாக இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் கழித்துவிட்டோம். சாவி எங்கள் கையில் இருந்ததால் நியாயமும் எங்கள் பக்கம் என்று நானும் நம்பியிருந்தேன்.

பொன்விழாவுக்குக் கைவேலைக் கண்காட்சி என்று அறிவித்ததும், என் பாதியைத் தூசி தட்டி மடத்துக்கு எடுத்துப் போனேன். புதிதாக வந்திருக்கும் இளம் சகோதரி ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, மற்றப் பாதி எங்கே?” என்றார். கள்ளமில்லாமல் கேட்ட கேள்வி. வாயில் பதில் வரவில்லை. அந்த ஞாயிறு பூசையில் யூபிலி ஆண்டைப் பற்றிச் சுவாமி பிரசங்கம் வைத்தார். ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்று லேவியர் ஆகமத்தில் சட்டம் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றால் ஓராண்டுக்குப்பின் திரும்பாது, மதிலில்லாத ஊர்களின் வீடுகள் யூபிலியில் திரும்பும் என்று பிரித்தே சொல்லியிருக்கிறது. எங்கள் மலைவீட்டுக்கு மதில் கிடையாது. வேலிகூட அரைகுறைதான். விவிலியத்தை மூடி வைத்துவிட்டு, என் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். உள்ளே போய்த் தம்முடைய பாதியைக் கொண்டுவந்தார். என்னுடையது இருட்டுப் பெட்டியில் ரசகற்பூரத்தோடு கிடந்தது, நிறம் அப்படியே இருந்தது. அவரோ அதைச் சாமி படத்துக்கு எதிர்ச்சுவரில் தொங்கவிட்டிருந்தார். ஜன்னல் வெயில் பட்டுச் சிவப்பு காவியாகி, நீலம் சாம்பலாகியிருந்தது. கோடு எப்படி வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மறைக்கல்வி அறையின் தரையைத் தவிர அதை விரிக்க இடமில்லை. சுவாமி சாவியைக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டுத் தாள்களை உருவ உட்கார்ந்தோம். ஆயிரத்துக்குமேல் தாள்கள்! தினசரிக் காலண்டர் அட்டை, மாமா திருத்திய விடைத்தாள், பங்கு அறிவிப்பு, கலியாணப் பத்திரிகை, இன்லண்டு கடிதம். ஆறுபக்கமாக வெட்டியதில் ஒரு வாக்கியமும் முழுதாக இல்லை. சிரித்துக்கொண்டே படித்துப் படித்து வைத்தோம். என் பாதியிலிருந்து ஒரு மணியார்டர் கூப்பன் வந்தது. பிறகு இன்னொன்று. அக்கா பாதியிலிருந்து மூன்றாவது. மூத்தாரின் கையெழுத்து. பம்பாய் முத்திரை. 1978. “கூரைத் தகரத்துக்கு” என்பதும், 300 ரூபாய் என்பதும் இரண்டில் முழுதாகத் தெரிந்தன. மூன்றாவதில் தொகை வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. ஊசியில் நூலைக் கோத்து என்னிடம் நீட்டினார். அத்தை வேண்டுமென்றே ஒளித்தாரோ என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியில்லை. கெட்டித்தாள் எதுவானாலும் அவர் கத்தரிக்குத் தப்பாது. என் மகனின் மதிப்பெண் அட்டையே ஒருமுறை தப்பிப் பிழைத்தது.

அன்று இரவு கூப்பன்களை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். “அப்பா என்னிடம் சொல்லவே இல்லையே” என்றார். அடுத்த ஞாயிறு முதல் பூசைக்கே கிளம்பினார். பூசை முடிந்ததும் கெபியருகே அண்ணன் தம்பி இருவரும் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, “மிளகு விலை” என்றார்.

பிறகு வேலை ஓடியது. தைக்கும் இளம்பெண்களுக்காகச் சில விவரம். இலவம்பஞ்சு வேண்டாம், அது நழுவி மூலைக்கு ஓடிவிடும். கொட்டிய பருத்திப் பஞ்சை மெல்லிய ஏடாகப் பரப்பினோம். அதுவும் கட்டிதட்டாமலிருக்க மூன்று விரற்கடைக்கு ஒரு வரி தையல் வேண்டும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குத்தான் தைக்கவேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி குமிழ்ந்துவிடும். நாங்கள் முதலில் அப்படிச் செய்து, இரண்டு நாள் வேலையைப் பிரித்தோம். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி இனத்துப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றியே நடுவுக்கு வந்து முடிப்பார்களாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள், கத்தோலிக்கரும் உண்டு, தங்கள் போர்வையில் சிலுவை வைத்துத் தைப்பார்கள். நாலு மூலைக்கும் பூவைப்போல் முக்கோண மடிப்புகள் வைப்பது அவர்கள் வழக்கம். அதைப் பார்த்து நாங்களும் வைத்தோம். சுற்றுப்பட்டிக்கு அத்தையின் கடைசி வெள்ளைச் சேலையைக் கிராஸ் பீஸாக வெட்டினோம். சிவப்புச் சுங்குடி சாயம் இறக்கியதில் வெள்ளையில் இரண்டிடத்தில் ரோஸ் கறை பட்டுவிட்டது. உப்புநீரில் ஊறவைத்தும் போகவில்லை. குளிர்மாதம் தொடங்கிய வேலை புனித வாரத்துக்குச் சற்று முன்னால் முடிந்தது. முழங்காலிட்டுத் தைக்க உதவிய அன்னையர் ஒன்பது பேருக்கும் என் நன்றி.

யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவர் தைத்துக் கொடுத்த உடைகளைக் கைம்பெண்கள் இராயப்பரிடம் அழுதுகொண்டே காட்டியதாக அப்போஸ்தலர் பணியில் படிக்கிறோம். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் விரலில் கிடந்த அங்குஸ்தான் நினைவுக்கு வரும். அது இப்போது அக்காவிடம் இருக்கிறது.

மலைவீட்டுப் பத்திரம் இன்னும் எழுதியாகவில்லை. வக்கீலிடம் பேச்சு நடக்கிறது. பழைய வரி பாக்கியில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சுவாமியின் முன்னால் நின்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பூட்டுக்கு இரண்டாவது சாவி செய்தாகிவிட்டது. கண்காட்சி முடிந்ததும் போர்வை மலைக்குப் போகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூத்தார் குடும்பம், மே மாதத்துக்கு நாங்கள். தகரப்பெட்டிக்குள் வேப்பிலையோடு அக்கா ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறார்: “மாதம் ஒருமுறை காற்றில் போடவும். வெயிலில் போடவேண்டாம். பிழியவேண்டாம். யார் வந்தாலும் மடித்து வைத்துவிட்டுப் போகவும்.”