பலூனைப் புலியாக்கும் பேச்சு



ஆடி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில் திருவிழாக்கள் களைகட்டும். ஏனாத்தூர், வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று எந்தப் பக்கம் போனாலும், வளையல் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே பலூன் சுடும் கடை ஒன்று இருக்கும். ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாகப் பலூன்கள். சில அடி தள்ளி ஒரு மேசை, அதன்மேல் காற்றுத் துப்பாக்கிகள். காசு கொடுத்தால் கடைக்காரர் குழலை மடக்கி, ஈயக் குண்டு போட்டு, நிமிர்த்திக் கையில் தருவார். சுட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் சிலர் அப்படிச் சுட்டுவிட்டுப் போவதில்லை. அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கியதுமே அவர்கள் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். அவர்கள் பேசும் பேச்சைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

நடுவயதுக்காரர் ஒருவர், கூடவே மனைவியின் தம்பி. துப்பாக்கி மாமன் கையில். பேச்சு இப்படிப் போகும்:

"மச்சான், அங்கியே நில்லு. காத்து நம்ம முதுகுலேர்ந்து அடிக்குது. மோப்பம் புடிச்சிடும்."

"எது மாமா?"

"மூணாவது வரிசையில மஞ்சளா நிக்குது பாரு, அது. கெழடு. நேத்து எவனோ அரைகொறையா சுட்டுட்டுப் போயிருக்கான். காயத்தோட நிக்குது. காயம் பட்டதுகிட்டதான் உஷாரா இருக்கணும்."

சுடுகிறார். குண்டு பலகையில் பட்டுத் தெறிக்கிறது. பலூன் அசையவே இல்லை.

"பாத்தியா, ஓடல. நம்மளத்தான் பாத்துகினு நிக்குது. பேசாத, மூச்சு உடாத."

இரண்டாவது குண்டில் பலூன் வெடிக்கிறது. மச்சான் முன்னால் போகப் பார்க்கிறார். மாமன் கையை நீட்டித் தடுக்கிறார். "அவசரப்படாத. செத்துட்டா மாதிரி படுத்துகினு இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் போயி, தோலக் கிழிக்காம எடுத்துகினு வா. வாசல்ல மாட்டணும்."

சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சுட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைக்கும்போதுகூடக் குழல் ஆள்மேல் திரும்பாமல் வைக்கிறார்.

இதில் என்ன கலை என்று கேட்கலாம். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பாருங்கள். காற்று வேட்டைக்காரனிடமிருந்து விலங்கை நோக்கி அடித்தால் விலங்கு மோப்பம் பிடித்துவிடும். காயம்பட்ட மிருகம்தான் மிக ஆபத்தானது. விழுந்ததும் அருகே ஓடக் கூடாது, காத்திருக்க வேண்டும். மூன்றும் உண்மையான வேட்டை விதிகள். பின்னிரண்டும் வேட்டை எழுத்தாளர் ஜிம் கார்பெட் குமாவூன் மலையில் கடைப்பிடித்தவை. ஒசூருக்கு அப்பால் ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சனும் இவற்றைத்தான் கடைப்பிடித்தார். நம் பலூன் வேட்டைக்காரர் அவர்களைப் படித்திருக்க வேண்டியதில்லை. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார், சரியாகக் கேட்டிருக்கிறார். பொய் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: புலி நிற்க வேண்டிய இடத்தில் பலூன் நிற்கிறது. மற்றதெல்லாம் மெய். அந்த ஒரே பொய் அத்தனை மெய்யையும் தாங்கி நிற்பதால்தான் சிரிப்பு வருகிறது.

இதையே ஒருவர், "ஏ அப்பா, எவ்ளோ பெரிய புலி!" என்று கூவிவிட்டுத் தானே சிரித்தால் ஒன்றும் இல்லை. கூட நிற்பவர்கள் மரியாதைக்குப் புன்னகைப்பார்கள், அவ்வளவுதான். பெரிதாக்கிச் சொல்வது யாருக்கும் வரும். நுணுக்கமாகச் சொல்வதுதான் கடினம்.

கையில் இருக்கும் கருவியையும் கொஞ்சம் பார்ப்போம். குழலை மடக்கும்போது உள்ளே ஒரு வலுவான சுருள்வில் அழுந்தி மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் வில் விடுபட்டு உருளைக்குள் காற்றை நெருக்க, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. மருந்து இல்லை, தீ இல்லை. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலக் குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். திருவிழாக் கடைத் துப்பாக்கிகள் அந்த எல்லைக்கும் வெகு கீழே. ஆண்டர்சன் விரும்பிப் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் ரைபிளின் குண்டோ 4,000 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோடு புறப்படும். இருபதுக்கும் நாலாயிரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்! அந்தத் தூரம் முழுவதையும் பேச்சால் மட்டுமே கடக்கிறார் நம் ஆள்.

இந்த விளையாட்டு நமக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் பிபி துப்பாக்கி என்று சிறு உருக்கு உருண்டை போட்டுச் சுடுவது ஒன்று உண்டு. 1880-களில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் ஊரில் காற்றாலை செய்துவந்த நிறுவனம் ஒன்று, காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கியை இனாமாகக் கொடுத்தது. காற்றாலை மறைந்தது, இனாம் நிலைத்தது. டெய்சி என்ற அந்தத் துப்பாக்கியின் பெயரையே 1895-ல் நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்டது. அந்தத் துப்பாக்கிக்கு ஏங்கும் சிறுவனைப் பற்றி 1983-ல் ஒரு படமே வந்தது. கொள்ளைக்காரர்களிடமிருந்து தன் குடும்பத்தையே அதை வைத்துக் காப்பாற்றுவதாக அந்தப் பையன் கனவு காண்பான்.

எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுவது பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தோதே 1872-ல் எழுதிய தார்தாரன் கதை. தாரஸ்கோன் ஊரில் ஆண்கள் எல்லாருமே வேட்டைப் பிரியர்கள். ஊரைச் சுற்றி ஒரே ஒரு கிழட்டு முயல்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைதோறும் துப்பாக்கியும் நாயுமாகப் புறப்பட்டுப் போய், சாப்பிட்டுவிட்டு, தங்கள் தொப்பியை வானத்தில் எறிந்து அதையே சுடுகிறார்கள். அதிகத் துளை விழுந்த தொப்பிக்காரன் அன்றைய வேட்டை ராஜா. தார்தாரன் அந்த ராஜாக்களுக்கெல்லாம் ராஜா. அவனுக்கு வந்த வினை, ஊரார் அவன் பேச்சை நம்பி, உண்மையான சிங்கத்தைச் சுட அல்ஜீரியாவுக்கே அனுப்பிவைத்ததுதான். அங்கே அவன் சுட்டது கண் தெரியாத, வளர்ப்புச் சிங்கம். தொப்பி சுட்டவரைக்கும் அவன் கலைஞன். சிங்கத்தைச் சுட்டதும் குற்றவாளி. பிறகு இந்த வேறுபாட்டுக்கு வருகிறேன்.

ஏனாத்தூர்க்காரர்கள் இந்தக் கலைக்காகப் பிரான்ஸ் வரை போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே காஞ்சி இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் நடப்பது காஞ்சித் தெருக்களில்தான். காபாலிகன் ஒருவனின் கபாலம் காணாமல் போகிறது. பிச்சை வாங்கும் ஓடு, அவ்வளவுதான். ஆனால் அவன் அதற்காகப் பதறும் பதற்றமும், வழியில் அகப்பட்ட பௌத்தத் துறவிமேல் வழக்குத் தொடுத்து நியாயம் பேசும் பேச்சும் ஒரு ராஜ்ஜியத்தையே பறிகொடுத்தவனுடையவை. கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிப் போனது ஒரு நாய். அதில் வறுத்த கறி இருந்திருக்கிறது! சிறு பொருளுக்குப் பெரும் பேச்சு, பேசுகிறவன் முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லை. பலூன் கடை வேட்டைக்காரரின் வித்தையும் இதுவே. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் அரசன் ஒருவன் இதை எழுதி வைத்திருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வேட்டைப் பேச்சு நம் பக்கத்து ஆண்கள் காதில் ஏறிய வழி எது? என் கணிப்பில் அது கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் அர்ச்சுனன் தபசு நடக்கும். உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் ஏறுகிறான். பன்றி உருவில் வருகிற மூகாசுரனை அவனும் அடிக்கிறான், வேடனாக வந்த சிவபெருமானும் அடிக்கிறார். செத்த பன்றி யாருடையது, யார் அம்பு முதலில் தைத்தது என்று இருவரும் போடும் சண்டை இருக்கிறதே, அது வேட்டைக்காரர்கள் காலம்காலமாகப் போடுகிற சண்டை. ஒருபக்கம் அது தெய்வக் கதை. இன்னொருபக்கம் கட்டியங்காரன் நடுவே புகுந்து இரண்டு தரப்பையும் கிண்டல் செய்துகொண்டே இருப்பான். பயபக்தியும் பகடியும் ஒரே மேடையில், ஒரே இரவில். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இந்தக் கூத்தைக் காத்து வந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே 1990-ல் பெ. ராஜகோபால் முன்நின்று தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் கலைஞர்களைச் சேர்த்து நிறுத்தியிருக்கிறது. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு, வேடன் எப்படி நிற்பான், எந்தத் தொனியில் பேசுவான் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் கேட்ட நல்ல பலூன் வேட்டைக்காரர்கள் பலரும் கூத்து ரசிகர்கள்.

கோயிலிலும் பாவனை வேட்டை உண்டு. மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். வழிநெடுக மண்டகப்படி, மேளம், கூட்டம். அது பக்தி. அங்கே பகடிக்கு இடமில்லை. ஆனாலும், உயிர் எதையும் கொல்லாத வேட்டை ஒன்றை முழு மரியாதையோடு நடத்தலாம் என்பதை ஆண்டுதோறும் கண்ணால் பார்த்து வளர்கிற ஊர்கள் இவை.

இப்போது, முன்னே சொன்ன வேறுபாட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த உரைக்கே ஒப்புக்கொண்டேன். அதே காற்றுத் துப்பாக்கியைச் சிலர் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். கொக்கு, மடையான், புறா, அணில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறி வைக்கிறார்கள். பலூனுக்குப் பேசிய அதே வசனத்தை அங்கேயும் பேசுகிறார்கள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம் வருகிறது. புலியைத் துளைக்க முடியாத குண்டு, சின்னப் பறவையைத் துளைக்கப் போதும். பெரும்பாலும் உடனே கொல்லாது. இறக்கையை ஒடித்துப் புதரில் துடிக்க விட்டுவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கைச் சுடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள். பேச்சு என்ற வகையிலும் அங்கே எல்லாம் கெட்டுப் போகிறது. ஆளுக்கும் இலக்குக்கும் நடுவே வீரம் என்று எதுவுமே இல்லாதபோதுதான் வீரப் பேச்சு வேடிக்கையாகிறது. இலக்குக்கு உயிர் வந்துவிட்டால் அது வெறும் கொடுமைக்குப் போட்ட பூச்சு.

இதை நம் ஊர்க்காரர்கள் வெகு காலமாக அறிவார்கள். உத்திரமேரூருக்குப் பக்கத்தில்தான் வேடந்தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை, கலெக்டரிடம் முறையிட்டார்கள். லயனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர் 1798-ல், பறவைகளைக் காக்கும் உரிமை அந்த ஊராருக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுடைய உழவு அறிவு. கையில் நிஜத் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம், துப்பாக்கியே இல்லாத குடியானவர்கள் வென்ற கதை அது. ஏரிக்கரைக்குக் காற்றுத் துப்பாக்கி தூக்கிப் போகிற தம்பிகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன்.

பலூன் கடையிலும் ஒரு எச்சரிக்கை அவசியம். உருக்கு உருண்டை கடினமான பலகையில் பட்டால் சுட்டவர் பக்கமே திரும்பித் தெறிக்கும். ஈயக் குண்டு பெரும்பாலும் நசுங்கிவிடும், ஆனாலும் கண்ணுக்கு ஆபத்துதான். மேசைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

இந்தப் பேச்சு இனி எவ்வளவு காலம் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்டு. இப்போது வருகிற பிள்ளைகளுக்குக் கைப்பேசி விளையாட்டுகளால் துப்பாக்கிப் பெயர்கள் அத்தனையும் அத்துபடி. ஏகேஎம், கார்98, ஏடபிள்யூஎம் என்று பலூன் கடை முன்னால் நின்று அடுக்குகிறார்கள். ஒரு பையன் கடைக்காரரிடம், "அண்ணா, இதுல எட்டு எக்ஸ் ஸ்கோப் மாட்டிக் குடுங்க" என்று முகம் மாறாமல் கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாக்கியம் அவனிடம் இல்லை. துப்பாக்கி தெரியும், காடு தெரியாது. காற்று எந்தப் பக்கம், தடம் புதுசா பழசா, பதுங்கியது எங்கே, ஓடினால் எந்த வழி என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊர்ப்பக்கமே இருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயல் வரப்பில் எலி வளை தோண்டும் இருளர்களைப் பாருங்கள். வளை வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா என்று சொல்வார்கள். மறுவாசல் எங்கே திறக்கும் என்று கணித்து முதலில் அதை அடைப்பார்கள். 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அந்த அறிவை விஷமுறிவு மருந்துக்குப் பயன்படும்படி செய்தது. நாடு முழுவதும் பாம்புக் கடிக்கு மருந்து செய்ய அவர்கள் எடுத்துத்தரும் நஞ்சு உதவுகிறது. பலூன் கடை முன்னால் பேச விரும்புகிற பிள்ளை, ஒரு நாள் காலையில் அவர்களோடு வரப்பில் நடந்து, கேட்டு, பார்த்துவிட்டு வரட்டும். திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.