அலகும் உழவாரமும்



பட்டறிவே ஞானத்தைத் தரும் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆனால், துன்பப்பட்டோர் எல்லாரும் ஞானியராகிவிடவில்லை. மனம் கசந்து போனவரே பலர். இவ்வேறுபாடு எதனால் வருகிறது என்பதைத் திருவாமூரில் பிறந்த தமக்கை, தம்பியின் வரலாறு காட்டுகிறது.

7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் இளமையில் மருள்நீக்கியார் எனப்பட்டார். தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கையார், தம்பி அழுது வேண்டியதனால் உயிர் தாங்கினார் என்று 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கிறார்.

துயரம் இருவருக்கும் ஒன்றே. நிலையாமையை உணர்ந்த தம்பியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். பின்னர்ச் சமய உண்மையை நாடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளி புகுந்து, அரிய நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் தலைமை எய்தினார். அக்கல்வி சிறிதன்று, அதனைப் பழித்துப் பேசுவது முறையுமன்று. தமக்கையாரோ திருவதிகை வீரட்டானத்தில் நாள்தோறும் வைகறையில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து வந்தார்.

தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. உடனிருந்தோர் ஓதிய மந்திரங்கள் பயன்படவில்லை. ஆளனுப்பித் தமக்கையாரை அழைத்தார். அவர் அங்கு வர மறுத்துவிட்டார். இம்மறுப்பைக் கடுமை என்று கருதுவோர் உண்டு. அது இல்லையேல் அவ்விரவுப் பயணம் நிகழ்ந்திராது. தலைமையையும் பெருமையையும் விட்டு, இருளில் சென்று, தமக்கையார் அடியில் விழுந்தார். நோய் பாடமாக மாறியது அங்கேதான். திருநீறு அளித்த தமக்கையார், அலகும் மெழுக்கும் தோண்டியும் ஏந்தித் திருக்கோயிலுக்குப் புறப்பட்டபோது அவரையும் உடன் அழைத்துச் சென்றார். திருப்பதிகம் பிறந்தது, நோய் அகன்றது.

அவர் பாட்டோடு நின்றாரில்லை. தமக்கையார் கையில் அலகாக இருந்தது தம்பியார் கையில் உழவாரமாயிற்று. ஆலயப் பணிக்குப் பெயர் கொடுப்போர் பலராகவும் துடைப்பம் எடுப்போர் சிலராகவும் இருக்கும் இந்நாளில் இது சிந்திக்கத்தக்கது.

பட்டறிவுக்கும் எல்லை உண்டு. திருமறைக்காட்டில், பாண்டிநாடு செல்ல எழுந்த ஞானசம்பந்தப் பிள்ளையாரை, முன்னர்த் தாம் பட்ட துன்பங்களைக் கூறி, கோள்நிலையும் நன்றன்று என்று திருநாவுக்கரசர் தடுத்தார். பிள்ளையார் பதிகம் பாடி விடையிறுத்தார். வயதில் முதிர்ந்தவர், துன்பத்தை நேரிற் கண்டவர். ஆயினும் அச்சிறுவர் பாடியதைக் கேட்டதும் இசைந்து விடை கொடுத்தார்.