கறந்த பாலுக்குச் சட்டம் தேவையா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பொதுக்குழுவில் பாலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் புன்னகைத்தீர்கள். காரணத்தைச் சொல்லி விடுகிறோம். சில வாரங்களுக்கு முன் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் நம் தெருவில் பால் கேன்களைத் திறந்து மாதிரி எடுத்துச் சென்றார்கள். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின், நம் மஹல்லாவில் மாடு வைத்துப் பிழைக்கும் ஆறு பேர் நம்மிடம் வந்தார்கள். அவர்களில் இருவர் கணவரை இழந்த சகோதரிகளின் சார்பில் வந்த பிள்ளைகள். அரசின் கெடுபிடியைக் கண்டித்து ஜமாஅத் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டார்கள். அதே வாரத்தில் நம் இளைஞர்கள் சிலர் ஒரு மனு கொடுத்தார்கள். இனி கேன் பால் வாங்கக் கூடாது, பாக்கெட் பால் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஜும்ஆவில் அறிவிக்கக் கோரும் மனு அது. இரு தரப்பாரும் நம்மவர்கள். இருவருக்கும் இங்கே வைத்தே பதில் சொல்வது முறை என்று கருதினோம்.

முதலில் நாம் கண்ணால் கண்ட ஒன்று. நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் நம்மோடு ஹிஃப்ளு வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தது. மாலையானால் ஏறும், விடியலில் வியர்த்து இறங்கும், பத்து நாள் விட்டிருந்து மீண்டும் வரும். மூட்டுகள் வலித்து, தொழுகையில் அமர முடியாமல் தவித்தார். டைஃபாய்டு என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள். மாதங்கள் கழித்தே, ஆட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு காய்ச்சாமல் குடித்ததால் வந்த புருசெல்லா நோய் அது என்று தெரிந்தது. ஓர் ஆண்டுப் படிப்பு போயிற்று. மனனம் செய்திருந்த ஜுஸ்உகளில் பாதி மறந்து போயிற்று.

இந்த நோய்க்கு மால்டாக் காய்ச்சல் என்றொரு பெயரும் உண்டு. மால்டா மத்திய தரைக்கடலில் உள்ள ஒரு சிறு தீவு. பிரிட்டிஷார் அங்கே பெரும் படைத்தளம் வைத்திருந்தார்கள். சிப்பாய்களும் மாலுமிகளும் இந்தக் காய்ச்சலால் மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் நோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி தெரிந்ததே தவிர, அது வரும் வழி 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் என்ற மால்டா நாட்டு மருத்துவரே அந்த வழியைக் கண்டறிந்தார். கிருமி ஆடுகளிடம் இருந்தது. அந்த ஆடுகளுக்கு நோயின் அறிகுறி எதுவுமில்லை. நன்றாக மேய்ந்தன, நன்றாகக் கறந்தன. எனவேதான் அவற்றின் மீது சந்தேகமே எழவில்லை.

மால்டாவில் பால் விற்ற முறையைக் கேளுங்கள். மேய்ப்பவர் மந்தையை நகரத் தெருக்களில் ஓட்டி வருவார். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, வாங்குபவரின் கண் முன்னாலேயே கறந்து கொடுப்பார். தண்ணீர் கலக்க வழியே இல்லை. ஆகவே அதுவே மிகச் சுத்தமான பால் என்று மக்கள் நம்பினார்கள். நம் ஊரிலும் மாட்டை வாசலுக்கு ஓட்டி வந்து கறந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 'கண்ணெதிரே கறந்தது' என்ற சொல்லுக்கு நம்மிடம் இன்றும் மதிப்புண்டு. கலப்படமில்லாத பால் என்பது வேறு, கிருமியில்லாத பால் என்பது வேறு. மால்டா மக்கள் முன்னதைக் கண்ணால் பார்த்து, பின்னதும் இருக்கிறதென்று எடுத்துக் கொண்டார்கள்.

1906இல் படையினருக்கு ஆட்டுப் பால் கொடுப்பது நிறுத்தப்பட்டது. காய்ச்சல் படைமுகாமை விட்டு ஏறக்குறைய மறைந்தது. ஆனால் பொதுமக்களிடையே அது இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. மேய்ப்பவர்களுக்கு அது பிழைப்பு, ஏழைகளுக்கு மாற்றுப் பால் வாங்க வசதியில்லை, ஆடுகளோ பார்வைக்கு ஆரோக்கியமானவை. 1938இல் தான் அங்கே பாலைப் பதப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. உண்மை தெரிந்து 33 ஆண்டுகள் கழித்து! சிப்பாயைக் காப்பாற்ற ஓர் உத்தரவு போதுமாயிருந்தது. குடியானவனைக் காப்பாற்ற உத்தரவோடு மாற்று ஏற்பாடும் வேண்டியிருந்தது. அதைச் செய்யத்தான் அத்தனை காலம் பிடித்தது. நம் விவாதத்துக்கு இது முக்கியமான செய்தி.

பாலை 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் குளிர்விப்பதே பதப்படுத்துதல். நம் வீட்டுப் பெண்கள் பொங்கப் பொங்கக் காய்ச்சுவது அதைவிட அதிகச் சூடு. ஆகவே அமெரிக்க நாட்டுச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்வது பொருந்தாது. அங்கே பாலை வாங்கியதும் குளிர்ச்சியாக அப்படியே குடிப்பார்கள். அதனால்தான் பதப்படுத்தாத பாலை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்க 1987இல் அங்கே தடை வந்தது. அது எங்கள் உரிமை, எங்கள் சிறு பண்ணைகளின் வாழ்வு என்று வாதிடுவோர் அங்கே இன்றும் உண்டு. 2024இல் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் பரவி, பச்சைப்பாலில் அந்த வைரஸ் காணப்பட்ட பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. நாம் கேன் பால் வாங்குவதோ காய்ச்சுவதற்காக.

அதனால் நமக்குக் கவலையே இல்லை என்று எண்ணி விடாதீர்கள். தொழுவத்தில் கறந்த சூட்டோடு பிள்ளைக்கு ஒரு தம்ளர் கொடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. உடம்புக்கு நல்லது என்று காய்ச்சாத ஆட்டுப் பாலைத் தேடுபவர்கள் உண்டு. வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சாலையோரக் கொட்டகைகளில் ஒட்டகப் பாலை நுரையோடு குடித்துப் படம் அனுப்புகிறார்கள். 2012இல் மெர்ஸ் என்ற நோய் அப்பகுதியில் கண்டறியப்பட்ட பின், ஒட்டகப் பாலைக் காய்ச்சாமல் அருந்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்தியது. போனில் பேசும்போது அவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

பாலைத் தூயது என்று அல்லாஹ்வே அந்நஹ்ல் அத்தியாயத்தில் சொல்லும்போது அதைக் காய்ச்சுவானேன் என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். மடிக்குள் இருப்பது இறைவனின் ஏற்பாடு. மடிக்கு வெளியே கறப்பவரின் கை, பாத்திரம், ஈ, தூசி எல்லாம் நம் பொறுப்பு. பாலை மூடாமல் கொண்டு வந்த தோழரிடம், ஒரு குச்சியையேனும் குறுக்கே வைத்திருக்கக் கூடாதா என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதாக ஹதீஸ் உண்டு. மார்க்கம் கற்பித்த சுகாதாரம் அது.

இனி இளைஞர்களின் மனு. பாக்கெட்டில் வந்துவிட்டால் குறையே இல்லை என்பது சரியன்று. 2011இல் நாடு முழுவதும் எடுத்த 1,791 மாதிரிகளில் 68.4 சதவீதம் தரத்துக்கு உட்படவில்லை என்று அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் பாலில் முக்கால்வாசி நஞ்சு என்பது போல் பேச்சு பரவியது. அவற்றில் பெரும்பகுதி தண்ணீர் கலந்ததும் சத்துக் குறைந்ததும்தான். தண்ணீர் கலப்பதும் மோசடியே, ஆனால் அது யூரியா கலப்பதற்குச் சமமன்று. 2018இல் 6,432 மாதிரிகளைச் சோதித்தார்கள். பாதுகாப்புக்கு ஊறு செய்யும் கலப்படம் 12 மாதிரிகளில் மட்டுமே இருந்தது. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அதில் முன்னிலையில் நின்ற மாநிலம் நம் தமிழ்நாடு. அதுவும் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அது அதிகம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்றால் அந்நச்சு பாலுக்கு வருகிறது. காய்ச்சினாலும் போகாது. நம் பால்காரச் சகோதரர்களே, விலை மலிவென்று நனைந்த கடலைப் புண்ணாக்கை வாங்காதீர்கள்.

பால்காரர்கள் கேட்ட கண்டனத் தீர்மானத்துக்கு வருவோம். உமர் (ரலி) அவர்கள் இரவில் ஊர்வலம் வந்தபோது, பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயையும் மறுத்த மகளையும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட வரலாற்றை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள். கலீஃபா பார்க்காவிட்டாலும் அவரைப் படைத்தவன் பார்க்கிறான் என்ற மகளின் பதிலோடு நிறுத்தி விடுகிறோம், நாமும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறோம். அதற்கு முன் அந்த மகள் சொன்ன முதல் பதில் என்ன? பாலில் நீர் கலக்கக் கூடாதென்று கலீஃபா அறிவிப்பாளர் மூலம் தடை செய்திருக்கிறாரே என்பதுதான். ஆக, இறையச்சம் மிகுந்திருந்த மதீனாவிலும் பாலுக்குச் சட்டம் இருந்தது. கலீஃபாக்களின் காலத்தில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். பால் கேனைத் திறந்து பார்ப்பதே அக்கிரமம் என்று ஒரு ஜமாஅத் தீர்மானம் போட முடியாது. போட மாட்டோம்.

அதே நேரத்தில் உங்கள் மனக்குறையில் நியாயமும் உண்டு. எந்த ரசீதும் தராமல் ஒருவரின் பத்து லிட்டரைச் சாக்கடையில் கொட்டியதாகச் சொன்னீர்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அலுவலருக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மாதிரிக்கு விலை கொடுக்க வேண்டும். அதை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். விற்பவர் கேட்டால் ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அந்தச் செலவு விற்பவருடையது. இதை அறியாததால்தான் பயந்து நின்றீர்கள். 2011இன் விதிகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு விற்பனையாளருக்குப் பதிவு மட்டும் போதும் என்றும், அதற்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய் என்றும் வகுத்தன. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி முழுப் பாலையும் அங்கேயே ஊற்றுபவருக்கு அந்தப் பதிவும் தேவையில்லை. நம்மிடம் வந்த ஆறு பேரில் ஒருவரிடமும் பதிவில்லை.

ஆகவே நிர்வாகிகளோடு கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். மஹல்லாவின் பால்காரர்கள் அனைவருக்கும் பதிவு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஜமாஅத் ஏற்கும். விதவைச் சகோதரிகள் இருவருக்குமான கட்டணம் பைத்துல்மாலிலிருந்து செலுத்தப்படும். மனு கொடுத்த இளைஞர்களே விண்ணப்பங்களை நிரப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். கால்நடை மருத்துவரை அழைத்து மாடு, ஆடுகளுக்குப் புருசெல்லா சோதனை செய்யவும் ஏற்பாடு நடக்கிறது. பதிவு பெற்ற பின்னும் யாருடைய பாலிலேனும் தண்ணீர் இருப்பது தெரிந்தால், அவருக்காகப் பரிந்து பேச ஜமாஅத்திலிருந்து யாரும் எந்த அலுவலகத்துக்கும் வர மாட்டோம். இதை அந்த ஆறு பேரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டோம்.

விண்ணப்பிப்போர் புகைப்படம், ஆதார் நகல், மாட்டுக் கொட்டகையின் முகவரி ஆகியவற்றுடன் வரும் ஞாயிறு லுஹர் தொழுகைக்குப் பின் மதரஸா அறைக்கு வரவும்.